பதினொரு பேர்: மலையகத் தோட்ட அணியொன்றின் லீக் பருவம்

இலங்கையின் மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்து மென்பந்து கிரிக்கெட் அணியின் ஓட்டக் கணக்கை ஒரு பருவம் முழுவதும் எழுதியவன் நான். அதற்கென்று அச்சிட்ட புத்தகம் எங்களிடம் இருக்கவில்லை. அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட சீ.ஆர். கொப்பி என்ற குறிப்பேடு ஒன்றிலேயே எல்லாவற்றையும் எழுதினேன். பருவம் முடிந்த பின் அதை முதலிலிருந்து புரட்டியபோது, ஓட்டங்கள் எழுதிய வலப் பக்கத்தைவிடப் பெயர்கள் எழுதிய இடப் பக்கத்திலேயே என் கண் நின்றது. 7 ஆட்டங்களுக்கு 23 பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் எல்லா ஆட்டங்களுக்கும் வந்த பெயர்கள் 4 மட்டுமே. எட்டு அணிகள் ஆடிய அந்த லீக்கில் நாங்கள் ஐந்தாம் இடத்தில் முடித்தோம். தோட்டத்தில் சிலர் அதற்குப் பந்துவீச்சைக் குறை சொன்னார்கள், சிலர் அணித்தலைவரைக் குறை சொன்னார்கள். அந்த இடப் பக்கத்தைப் படித்தவர்கள் இரண்டையும் சொல்ல மாட்டார்கள் என்றே நம்புகிறேன். ஒரு தோட்டத்து அணி ஒரு பருவத்தை எப்படிக் கடக்கிறது, அதன் புள்ளிப் பட்டியலுக்குப் பின்னால் என்னென்ன நிற்கின்றன என்பதை அந்தக் கொப்பியை வைத்தே விளக்க முயல்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையகத்துத் தோட்டங்களில் ‘மெட்ச்’ என்றால் பெரும்பாலும் மென்பந்து ஆட்டமே, அதாவது டென்னிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட். கடினப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59 கிராம் வரை. இந்த எடை வேறுபாட்டிலிருந்தே மற்றவை எல்லாம் பிறக்கின்றன. கால்காப்பும் தலைக்கவசமும் தேவைப்படுவதில்லை. ஆடுகளத்தில் புல் வளர்த்து உருளை போட்டு இறுக்க வேண்டியதில்லை; மண்ணைக் கொத்திச் சமன் செய்து, புற்று மண் கரைத்து மெழுகி, கிடைத்தால் மேலே ஒரு தும்புப் பாயை விரித்தால் போதும். பதினான்கு வயதுப் பாடசாலை மாணவன் நாற்பது வயதுக்காரரின் பந்தை அஞ்சாமல் எதிர்கொள்ளலாம். ஒரு பக்கத்துக்கு 5 அல்லது 6 ஓவர் என்பதால் ஓர் ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். காலில் பட்டு ஆட்டமிழக்கும் விதி பெரும்பாலான மென்பந்துப் போட்டிகளில் கிடையாது. நடுவர் வேலைக்குப் பயிற்சி பெற்றவர் இல்லாத இடத்தில் அந்த விதி சண்டையில்தான் முடியும் என்பதை எல்லோரும் அறிந்திருக்கிறார்கள்.

இந்த ஆட்டத்தைத் தோட்டத்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் இடம் லயத்து வாசல். லயம் என்பது தொழிலாளர் வீடுகள் ஒட்டி நிற்கும் நீண்ட வரிசை. ஒரு பக்கம் காம்பராக்களின் (வீட்டு அறைகளின்) சுவர், மறுபக்கம் கான் (வடிகால்), அதற்கப்பால் பள்ளம். பந்து கானுக்குள் விழுந்தால் ஓட்டம் இல்லை, தகரக் கூரையில் விழுந்தால் ஆட்டமிழப்பு. அந்த நீண்ட ஒடுங்கிய வாசலில் நேராக அடிப்பதற்கு மட்டுமே வழி உண்டு. ஆகவே எங்கள் துடுப்பாட்ட வீரர்களில் பலர் பந்துவீச்சாளரின் தலைக்கு நேராகத் தாழ்வாகவும் பலமாகவும் அடிப்பதில் வல்லவர்கள். பக்கவாட்டில் வெட்டி அடிக்கத் தடுமாறுகிறார்கள். பந்துவீச்சாளர்களும் நாலைந்து அடி எடுத்து வைத்தே வீசுகிறார்கள், ஏனென்றால் நீளமாக ஓடி வருவதற்கு வாசலில் இடம் இருந்ததே இல்லை. இதைக் குறையாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆறு ஓவர் ஆட்டத்தில், நடந்து வந்தே கணுக்கால் உயரத்துக்குத் துல்லியமாகப் பந்தை இறக்கும் ஒருவர் எந்த அணிக்கும் பெரிய சொத்து.

பல ஆண்டுகளாக எங்கள் பக்கத்தில் நடந்து வந்தவை ஒருநாள் சுற்றுப்போட்டிகள். தீபாவளிக்கோ, தைப்பொங்கலுக்கோ, சித்திரைப் புத்தாண்டுக்கோ ஏதாவதொரு தோட்டம் அழைப்பு விடுக்கும். பதிவுக் கட்டணம் கட்டி அணிகள் வரும். தோற்ற அணி வீட்டுக்குப் போகும், மாலையில் கிண்ணம் கொடுக்கப்படும். எட்டு அணிகள் என்றால் விலகல் முறையில் 7 ஆட்டங்களில் எல்லாம் முடிந்துவிடும். அதே எட்டு அணிகள் லீக் முறையில் ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் ஆட வேண்டுமானால் 28 ஆட்டங்கள் வேண்டும். ஒரே மைதானத்தில் ஞாயிற்றுக்கு 4 ஆட்டங்கள் என்று வைத்தாலும் 7 ஞாயிறுகள். ஒருநாள் போட்டி அணியிடம் ஒரு நாளைக் கேட்கிறது; அந்த நாளும் எல்லோரும் ஊரில் இருக்கும் பண்டிகை நாள். லீக் தொடர்ந்து ஏழு வாரங்களைக் கேட்கிறது. எங்கள் தோட்டம் ஒருநாள் போட்டிகளில் கிண்ணங்கள் வாங்கிய தோட்டம். கோயில் மண்டபத்து அலுமாரியில் அவை இருக்கின்றன. லீக் என்று வந்தபோது அதே திறமை ஏன் போதவில்லை என்ற கேள்விக்கு விடையின் பாதி இந்தக் கணக்கில் இருக்கிறது.

மீதிப் பாதியில் முதலாவது மழை. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுக்கும் கிழக்குச் சரிவுக்கும் மழைக்காலம் ஒன்றல்ல. வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை என்று நீளும் மேற்குப் பக்கத்தில் மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் வரை விடாது. மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் போனால், பதுளை, பசறை, ஹப்புத்தளை, பண்டாரவளை ஆகிய இடங்களில் அதே மாதங்கள் வரட்சியும் காற்றுமாக இருக்கும். அங்கே வடகீழ்ப் பருவமழை ஆண்டின் கடைசியிலும் தொடக்கத்திலும் பெய்கிறது. ஆகவே எங்களைப் போன்ற மேற்குப் பக்கத்து அணிகளுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை மைதானம் காய்ந்திருக்கும். ஊவா அணிகளுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. இரண்டு பக்கத்து அணிகளையும் சேர்த்து ஒரே லீக் நடத்த ஆசைப்பட்டவர்கள் அதைக் கைவிட்டதற்குத் தூரத்தைவிட இதுவே பெரிய காரணம்.

இதில் இன்னொன்றும் உண்டு. தேயிலையை அறிந்தவர்கள் மேற்குச் சரிவிலுள்ள டிம்புலப் பகுதித் தேயிலையின் தரம் உயரும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை என்றும், ஊவாத் தேயிலையின் தரம் உயரும் காலம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை என்றும் சொல்வார்கள். குளிர்ந்த இரவும் வரண்ட காற்றும் கொழுந்தின் வளர்ச்சியை மெதுவாக்கி அதன் வாசனையைக் கூட்டுகின்றன. அந்தக் காற்றே எங்கள் ஆடுகளத்தையும் இறுக்குகிறது. கொழுந்து குறைவாக வரும் காலம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கான அழைப்பும் அப்போது குறைவு. எங்கள் பக்கத்தில் கிரிக்கெட் பருவமும் தரத் தேயிலைப் பருவமும் ஒன்றாக அமைந்தது தற்செயலல்ல. இரண்டையும் தீர்மானிப்பது ஒரே வானிலைதான்.

ஆனால் அந்தக் காலம் நீடிப்பதில்லை. மார்ச் நடுவில் இடைப்பருவ மழை தொடங்குகிறது. காலை வெயில் பளிச்சென்று இருக்கும், இரண்டு மணிக்குப் பின் இடி முழங்கும். நாலு மழை பெய்ததும் மலையெல்லாம் கொழுந்து துளிர்த்து நிற்கும். பறிக்காமல் விட்டால் முற்றிவிடும் என்பதால் தோட்டம் ஞாயிறும் மலைக்கு ஆள் கேட்கும். இங்கே ‘பேர்’ என்ற சொல்லை வெளியூர் வாசகர்களுக்காக விளக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குச் சம்பளப் பதிவில் விழும் பதிவைப் ‘பேர்’ என்கிறோம். நிர்ணயித்த கிலோ பறித்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். ஞாயிறு பறிப்பதற்கு அன்றன்றைக்குக் கிலோ கணக்கில் கிடைப்பது கைக்காசு. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது. அதற்கான போராட்டங்களின் நீளத்தை மலையகத்தார் அறிவார்கள். அந்தச் சம்பளத்தில் ஒரு குடும்பத்தை நடத்துபவருக்கு ஒரு ஞாயிற்றின் கைக்காசு என்பது பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்து. ஆகவே மார்ச் மாதத்து ஞாயிறு காலையில் எங்கள் அணித்தலைவர் லயம் லயமாகப் போய், “பதினொரு பேர் சேருமா அண்ணே?” என்று கேட்கும்போது, அந்தப் ‘பேர்’ என்ற சொல்லுக்குள் இரண்டு கணக்குகளும் இருக்கும். வராதவரை அவர் ஒருபோதும் கடிந்துகொண்டதில்லை. அது அவருடைய பெருந்தன்மை மட்டுமல்ல. அவரும், காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் அதே பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து வளர்ந்தவர்.

இரண்டாவது கொழும்பு. எங்கள் தோட்டத்து இளைஞர்களில் பெரும்பாலோர் இப்போது தோட்டத்தில் வேலை செய்வதில்லை. புறக்கோட்டைக் கடைகளிலும், வெள்ளவத்தையின் உணவகங்களிலும், கட்டட வேலைகளிலும், காவல் வேலைகளிலும் இருக்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் வருகிறார்கள். நாலைந்து நாள் நின்று திரும்புகிறார்கள். எங்கள் அணியின் மிகச் சிறந்த பதினொருவரை இன்று தெரிவு செய்யச் சொன்னால், அவர்களில் ஆறு பேர் கொழும்பில் இருக்கிறார்கள். சில கடைகளில் ஞாயிறு விடுமுறை உண்டு; உணவகங்களில் ஞாயிறுதான் அதிக வேலை. சனி இரவு கோட்டையில் பஸ் ஏறி, விடியற்காலையில் ஹட்டனில் இறங்கி, முச்சக்கர வண்டி பிடித்து வந்து, எட்டு மணிக்கு முதல் பந்தை வீசிவிட்டு, மதியம் மறுபடி பஸ் ஏறிய ஒருவர் எங்களிடம் இருந்தார். அவர் அப்படி மூன்று ஞாயிறுகள் வந்தார். டிசம்பர் மாதப் போயா என்னும் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் என்பதால் அந்த மாதங்களில் சனி இரவு ஹட்டன் பஸ்களில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. அவர் நின்றுகொண்டே வந்தார்.

இப்போது கொப்பியின் பக்கங்களைப் பார்க்கலாம். முதல் ஆட்டம் பொங்கலை ஒட்டி வந்த ஞாயிறு, எல்லோரும் ஊரில், வென்றோம். அடுத்த ஞாயிறு பாதிப் பேர் திரும்பிப் போயிருந்தார்கள், இருந்தவர்களோடு வென்றோம். மூன்றாவதில் இரண்டு பாடசாலை மாணவர்களைச் சேர்த்து ஆடித் தோற்றோம். நான்காவது ஞாயிறு ஏழு பேர்தான் வந்தார்கள். எங்கள் லீக்கின் விதிப்படி குறைந்தது ஒன்பது பேர் இல்லாவிட்டால் ஆட்டம் எதிரணிக்குப் போய்விடும். அந்தப் பக்கத்தில் பெயர்கள் மட்டும் இருக்கின்றன, ஓட்டங்கள் இல்லை. ஐந்தாவது ஆட்டம் காமன் கூத்துக் காலத்தில் வந்தது. மாசி மாதத்தில் காமன் கம்பம் நட்டு, இரவிரவாகத் தப்பு முழங்க ஆடும் அந்தக் கூத்தில் எங்கள் ஆரம்பத் துடுப்பாட்ட வீரர் வேடம் கட்டியிருந்தார். விரதம் இருப்பவரை மைதானத்துக்குக் கூப்பிடுவது முறையல்ல என்று மூத்தவர்கள் சொன்னார்கள், அது சரியான சொல்தான். தோற்றோம். ஆறாவது ஆட்டம் மூன்றாம் ஓவரில் மழையில் நின்று போனது, ஆளுக்கொரு புள்ளி. இடையில் ஒரு ஞாயிறு பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கும் இன்னொரு ஞாயிறு ஒரு கூட்டத்துக்கும் மைதானம் போய்விட்டதால், ஏழாவது ஆட்டம் மார்ச் கடைசியில்தான் நடந்தது.

அந்தக் கடைசி ஆட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அன்று கொழுந்துக்கு ஆள் கேட்டிருந்தார்கள். எங்கள் முதல் பந்துவீச்சாளரின் மனைவி மலைக்குப் போனார், அவர் பந்து வீச வந்தார். இது அவர்கள் வீட்டில் முதல் நாள் இரவே பேசி முடித்த விடயம் என்பது பிறகு தெரிந்தது. அன்றைய கடைசி ஆட்டம் எங்களுடையது. பின்னேரம் மூன்று மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆற்றுப் பக்கத்திலிருந்து மூடுபனி மேலே ஏறத் தொடங்கியது. எதிரணிக்குக் கடைசி ஓவரில் 9 ஓட்டங்கள் வேண்டியிருந்தன. முதல் பந்தில் ஒன்று. இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவது பந்தைத் துடுப்பாட்ட வீரர் பள்ளத்துப் பக்கமாகத் தூக்கி அடித்தார். பந்து பனிக்குள் போனதை எல்லோரும் பார்த்தோம். விழுந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. தேயிலைச் செடிக்குள் சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. எல்லைக் கோட்டுக்கு முன் நிலத்தில் பட்டு உருண்டு போனதா, நேராகத் தேயிலைக்குள் விழுந்ததா? எல்லைக்கு மிக அருகில் நின்றவர் எங்கள் வீரர். தான் பார்க்கவில்லை என்று அவர் உண்மையைச் சொன்னார். வேறு தோட்டத்திலிருந்து வந்த நடுவர் சிறிது நேரம் நின்று யோசித்து, நான்கு என்று கையசைத்தார். மீதி மூன்று பந்துகளில் இரண்டு ஓட்டங்கள் வந்தன. ஒரே ஓட்டத்தால் வென்றோம். அது ஆறாக இருந்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. எதிரணித் தலைவர் கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு, பிறகு கைகொடுத்துப் போனார். அந்தக் கைகொடுத்தலை நான் மறக்கவில்லை.

பந்து தேயிலைக்குள் போவது மலையக மைதானங்களில் ஓயாத பிரச்சினை. கவ்வாத்து வெட்டிய மலை, அதாவது செடிகளைத் தறித்துவிட்ட மலை, மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பந்தைத் தேடி எடுப்பது எளிது. செடிகள் முழங்கால் உயரத்தில் வெறுங்கிளையாக நிற்கும். உயர்ந்த மலைகளில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கவ்வாத்து வருகிறது. மற்ற ஆண்டுகளில் செடி அடர்ந்து மூடிவிடும். ஓர் ஆட்டத்துக்கு நாலைந்து பந்துகள் தொலையும். மழைக்காலத்தில் அட்டை ஏறும். எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது குளவி. கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக்கொட்டுக்கு ஆளாகி வைத்தியசாலைக்குப் போகும் செய்தி மலையகத்தில் அடிக்கடி வரும் செய்தி. ஆகவே காட்டோரம் விழுந்த பந்தைத் தேடப் போகும் சிறுவர்களை நாங்கள் கூப்பிட்டு நிறுத்திவிடுவோம். பந்து போனால் போகட்டும்.

மூடுபனியின் குளிரும் ஈரமும் பந்தை மாற்றுகின்றன. டென்னிஸ் பந்துக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் குளிரில் குறைவதால் பந்து எழும்பும் உயரம் குறைகிறது. மேலுள்ள ரோமம் ஈரத்தை உறிஞ்சிப் பந்து கனக்கிறது. மறுபுறம், 1200 மீற்றருக்கு மேலே காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், வெயில் நேரத்தில் காய்ந்த பந்து அங்கே போவதைவிடத் தூரம் போகும். ஆகவே காலை ஒன்பது மணி ஆட்டமும் பிற்பகல் மூன்று மணி ஆட்டமும் ஒரே மைதானத்தில் இரண்டு வேறு விளையாட்டுகள். நாணயச் சுழற்சியில் வென்றால் என்ன செய்வது என்பதை எங்கள் அணித்தலைவர் எதிரே தெரியும் மலை முகட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். முகடு தெரிந்தால் பின்னால் துடுப்பெடுத்தாடலாம். மறையத் தொடங்கிவிட்டால் முதலில் துடுப்பெடுத்தாடிவிடுவது நல்லது.

புள்ளிப் பட்டியலைப் பற்றி ஒரு சிறு விளக்கம். வெற்றிக்கு 2 புள்ளி என்ற கணக்கில் மூன்று வெற்றிகளும் ஒரு மழைப் புள்ளியுமாக எங்களுக்கு 7. எங்களோடு மழையில் புள்ளியைப் பங்கிட்ட அணிக்கும் 7. நிகர ஓட்ட வீதத்தால் நாங்கள் ஐந்தாவது, அவர்கள் ஆறாவது. நிகர ஓட்ட வீதம் என்பது ஓவருக்கு எடுத்த சராசரி ஓட்டங்களிலிருந்து ஓவருக்குக் கொடுத்த சராசரி ஓட்டங்களைக் கழித்தால் வருவது. 6 ஓவரில் 60 எடுத்து 48 கொடுத்தால் பத்திலிருந்து எட்டைக் கழித்து கூட்டல் இரண்டு. ஆனால் ஓர் அணி 4 ஓவரில் 30 ஓட்டங்களுக்கு எல்லோரும் ஆட்டமிழந்தால் அதை ஏழரை என்று கணக்கிடுவதில்லை. முழு 6 ஓவருக்கும் பிரித்து ஐந்து என்றே கணக்கிட வேண்டும். இந்த ஒரு விதியைத் தெரியாமல் பட்டியல் போட்டுத் தகராறு ஏற்பட்ட லீக்குகள் உண்டு. நான்காம் இடத்து அணிக்கு 8 புள்ளிகள். முதல் நான்கு அணிகள் அரையிறுதிக்குப் போயின. ஏழு பேர் வந்த அந்த ஞாயிற்றில் இன்னும் இருவர் வந்து, அந்த ஆட்டத்தை வென்றும் இருந்தால் எங்களுக்கு 9. பந்துவீச்சைப் பற்றிய பேச்சுகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வருகிறது.

மூன்றாவது காரணத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அது நிலம். மலையகத்தில் சமதரை அரிது. இருக்கும் சமதரையில் முதலில் தொழிற்சாலை, பிறகு பங்களா, பிறகு லயம், மீதியெல்லாம் தேயிலை. வெள்ளைக்காரத் துரைமார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தங்களுக்கென்று கழகங்களை அமைத்து, மலையைச் செதுக்கி மைதானங்களை உண்டாக்கினார்கள். டிக்கோயா தரவளையிலும், நானுஓயாவுக்கு அருகே ரதெல்லவிலும் இருக்கும் அழகிய புல்வெளிகள் அப்படி வந்தவையே. தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று மைதானம் அமைப்பது தோட்டத் திட்டத்தில் இருந்ததில்லை. பின்னாளில் நலன்புரி வேலையாகவும், மக்களின் சிரமதானத்தாலும், தொழிற்சங்கங்களின் கேட்பாலும் சில தோட்டங்களில் மைதானங்கள் வந்தன. எங்களுடையதும் அப்படித்தான் வந்தது: ஒரு பக்கம் வெட்டிய மண்மேடு, மறுபக்கம் கொட்டி நிரப்பிய மண். நிரப்பிய பக்கம் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் இறங்குகிறது. மேட்டில் பட்டால் நான்கு, பள்ளத்தில் நேராக விழுந்தால் ஆறு என்ற எங்கள் மைதான விதி அந்த அமைப்பிலிருந்து வந்தது.

அந்த நிலம் எங்களுக்கும் சொந்தமில்லை, தோட்டத்தை நடத்தும் கம்பனிக்கும் சொந்தமில்லை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசிடம் வந்தன. 1992இல் அவற்றை நடத்தும் பொறுப்பு பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது, நிலம் நீண்டகாலக் குத்தகையில் இருக்கிறது. ஆகவே மைதானத்தில் ஒரு உருளை போடவும், ஒரு கம்பி வேலி கட்டவும், லீக் நடத்தவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். மற்ற ஊர்களில் மைதானம் திருத்துவது பிரதேச சபையின் வேலை. ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் இருந்த நிலையில் சபைகள் தோட்டங்களுக்குள் தங்கள் நிதியைத் தாராளமாகச் செலவிட முடியவில்லை; அந்தத் தடையை நீக்கும் திருத்தம் 2018இல்தான் நிறைவேறியது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபை, அவர்கள் விளையாடும் மண்ணில் கை வைக்க முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்து மைதானங்களின் நிலைக்குச் சோம்பலைக் காரணம் சொல்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

அரச விளையாட்டுக் கட்டமைப்பும் எங்களை எட்டிப் பார்ப்பது குறைவு. விளையாட்டுக் கழகங்கள் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யப்படுகின்றன. பிரதேச மட்ட விளையாட்டு விழாவில் வென்றால்தான் மாவட்டம், மாகாணம் என்று மேலே போகலாம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா, அம்பகமுவ ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். இத்தனை பேருக்கு ஒரே வாசல் என்றிருந்த அந்தக் காலத்தில் வரிசை நீளமாகத்தான் இருந்தது.

முத்தையா முரளிதரனின் பெயரை இந்த இடத்தில் யாராவது சொல்வார்கள். 133 டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் எடுத்த அவரை எங்கள் பிள்ளைகள் தங்களில் ஒருவராகவே நினைக்கிறார்கள். அவருடைய பாட்டனாரும் தோட்டத்துக்கென்று தமிழகத்திலிருந்து வந்தவர். ஆனால் அவர் ஆட்டத்தைக் கற்ற இடம் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி. கடினப் பந்தும், பயிற்றுநரும், ஆடுகளமும் உள்ள நகரப் பாடசாலை. லயத்து வாசலிலிருந்து அந்த ஆடுகளத்துக்குப் போவதற்கு நடுவில் ஒரு படி வேண்டும். எங்கள் அணிக்கு ஆடிய இரண்டு பாடசாலை மாணவர்களில் ஒருவன் நல்ல சுழல் பந்துவீச்சாளன். அவனுடைய பாடசாலையில் கடினப் பந்து அணி இல்லை. அந்தப் படியை யார் கட்டுவது என்பது எட்டுத் தோட்டங்களாலும் தீர்க்கக்கூடிய கேள்வியல்ல. ஆனால் லீக்கைத் திருத்துவது எங்கள் கையில் இருக்கிறது.

பருவம் முடிந்ததும் எட்டு அணித்தலைவர்களும் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். நான் கொப்பியோடு போயிருந்தேன். மற்ற அணிகளின் பெயர்ப் பட்டியல்களும் ஏறத்தாழ எங்களுடையதைப் போலவே இருந்தன. சம்பியனான அணி மட்டும் 15 பெயர்களோடு முடித்திருந்தது. அது நகரத்துக்குப் பக்கத்துத் தோட்டம். அங்குள்ள இளைஞர்கள் ஹட்டனிலேயே வேலை செய்து இரவு வீடு திரும்புகிறார்கள். பேசி மூன்று மாற்றங்கள் முடிவாயின. ஓர் அணி 25 பேர் வரை பதிவு செய்யலாம். ஏழு சுற்றுகளில் இரண்டைத் தீபாவளி விடுமுறையிலும் இரண்டைப் பொங்கல் விடுமுறையிலும் ஒரே நாளில் அடுத்தடுத்து ஆடிவிட வேண்டும். மீதி மூன்றை மட்டும் ஞாயிறுகளில் வைக்க வேண்டும், அதுவும் பெப்ரவரி முடிவதற்குள். ஒன்பது பேர் என்ற எல்லை ஏழாகக் குறைக்கப்படுகிறது. தீபாவளிக் காலத்தில் எங்கள் பக்கத்தில் மழை முழுதாக விட்டிருக்காது என்று நான் சொன்னேன். நனைந்த மைதானத்தில் பதினொரு பேர் ஆடுவது காய்ந்த மைதானத்தில் ஏழு பேர் நிற்பதைவிட மேல் என்று ஒரு மூத்த அணித்தலைவர் பதில் சொன்னார், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

மைதானத்துக்கான அனுமதிக் கடிதம் ஆண்டுதோறும் புதிதாக எழுதிக் கொடுக்கப்பட வேண்டியது. இந்த முறை அதைச் செப்டெம்பரிலேயே, எட்டுக் கழகங்களின் கையொப்பத்தோடும் திகதிகளின் பட்டியலோடும் கொடுப்பதாக இருக்கிறோம்; பள்ளத்துப் பக்கம் இறங்கிய மண்ணுக்குக் கருங்கல் அடுக்கித் தர வேண்டும் என்ற கோரிக்கையை அதே நாளில் பிரதேச சபைக்கும் எழுதுகிறோம். தும்புப் பாயைச் சுருட்டி மண்டபத்துப் பரணில் ஏற்றியாயிற்று. இன்று காலையிலிருந்து மழை.